டாட்ரிட்ஜ் குடும்பம்: நீங்கள் எங்கே எதிர்கொண்டீர்கள்?

செவிலி72:
இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில் குறைமாதக் குழந்தைகள் வார்டில் வேலை. இரவுப்பணி முடிந்து வரும் வழியில் டாட்ரிட்ஜ் தெரு. யார் இந்த ஆள் என்று பஸ்ஸிலேயே தேடிப் படித்தேன். பிலிப் டாட்ரிட்ஜ், அரசுத் திருச்சபையில் சேராத போதகர், ஆசிரியர். லண்டனில் எண்ணெய் வியாபாரி வீட்டில் 1702இல் பிறந்த இருபதாவது பிள்ளை. பிறந்ததும் இறந்துவிட்டது என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அங்கிருந்த ஒரு பெண்மணிதான் லேசாக மூச்சு ஓடுவதைக் கவனித்திருக்கிறாள். இருபதில் வளர்ந்து ஆளானது இவரும் அக்கா எலிசபெத்தும் மட்டும்! அந்தப் பெண்மணியின் பெயரை எங்கும் காணோம். அன்று பகல் முழுக்கத் தூக்கம் வரவில்லை. வார்டில் ஒரு நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்க்கும் அந்த நொடி எனக்குத் தெரியும்.

நீல ஓடு:
எனக்கு மனதில் நிற்பது அவருடைய அம்மா மோனிக்காதான். ப்ராகிலிருந்து மதத்துக்காக ஓடிவந்த லூத்தரன் போதகரின் மகள். பிள்ளைக்கு எழுத்து தெரியும் முன்பே, கணப்பைச் சுற்றிப் பதித்த டச்சு ஓடுகளின் படங்களைக் காட்டி பைபிள் கதை சொன்னவர். அருங்காட்சியகத்தில் அதே மாதிரி ஓடு ஒன்றைப் பார்த்தேன். உள்ளங்கை அகலம், நீலக் கோட்டில் மீன் வாயிலிருந்து யோனா பாதி வெளியே வருகிறார். என் நாலு வயது மகள், “அவர் செருப்பு எங்கே?” என்றாள். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். மோனிக்கா இறந்தபோது பையனுக்கு எட்டு வயது.

புத்தகப் புழு:
எல்லோரும் ஓட்டோடு நின்றுவிடுகிறீர்கள். அவர் ஆசிரியர் ஐயா, ஆசிரியர்! இங்கிலாந்தின் அரசுத் திருச்சபைக்கு மாறி வந்தால் பல்கலைக்கழகச் செலவை ஏற்கிறேன் என்று பெட்ஃபோர்ட் சீமாட்டி சொன்னபோது வேண்டாம் என்றவர். 1729இல் தொடங்கிய அகாடமியில் லத்தீனை விட்டு ஆங்கிலத்திலேயே பாடம் நடத்தினார். சேரும் பையன்கள் முதலில் சுருக்கெழுத்து கற்றுக்கொண்டு பாடங்களைப் படியெடுக்க வேண்டும். உரிமம் இல்லாமல் நடத்துகிறார் என்று வழக்கு வந்து, இரண்டாம் ஜார்ஜ் மன்னர் தலையிட்ட பிறகே நின்றது.

என் அனுபவம் சின்னது: அவருடைய கடிதத் தொகுதி ஒன்று பழைய புத்தகக் கடையில் கிடைத்தது, அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். அது 1829 முதல் அவரது கொள்ளுப்பேரன் வெளியிட்டது, நிறையக் கைவைத்த பதிப்பு. அதை நம்பி மேற்கோள் காட்டாதீர்கள். 1979இல் ஆய்வாளர் நட்டால் தொகுத்த கடித அட்டவணையை முதலில் எடுங்கள். தேதியைச் சரிபாருங்கள், யார் யாருக்கு எழுதியது என்று பாருங்கள். அதன் பிறகு பழைய தொகுதிக்குப் போங்கள். பென்சிலால் குறிப்பெழுதுங்கள், பேனா வேண்டாம்.

நீல ஓடு:
சார், நான் மேற்கோளே காட்டவில்லை. செருப்பைப் பற்றித்தான் எழுதினேன்.

மழைக்குடை:
சண்டை இருக்கட்டும். டெட்சியை மறந்துவிட்டீர்களே? டாட்ரிட்ஜின் மூத்த மகள். 1736இல் ஐந்து வயது நிறையும் முன்பே போய்விட்டாள். அவள் சாவையொட்டி அவரே ஒரு பிரசங்கம் எழுதினார். எடுத்துக்கொண்ட வசனம் பைபிளில் வரும் சூனேம் ஊர்ப் பெண்ணுடையது: பிள்ளை சுகமாயிருக்கிறதா என்ற கேள்விக்கு, மடியில் செத்த மகனைப் பறிகொடுத்தவள் சொல்லும் பதில். நம் தமிழ் பைபிளில் அது ஒரே வார்த்தை: “சுகந்தான்.” என் அண்ணன் மகன் தவறியபோது, துக்கம் கேட்டு வந்தவர்களிடம் அண்ணி இதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். பிரசங்கத்தை இரண்டாம் பக்கத்தில் மூடி வைத்தேன். இன்னும் திறக்கவில்லை.

கடல்வழி:
லிஸ்பனில் மூன்று நாள் இருந்தேன். எஸ்ட்ரெலா பூங்காவுக்குப் பக்கத்தில் ஆங்கிலேயர் கல்லறை, உள்ளே ஊசிமரங்கள். கூட வந்தவர்கள் நாவலாசிரியர் ஃபீல்டிங்கின் கல்லறையைத் தேடிப் போனார்கள், நான் டாட்ரிட்ஜுடையதை. காசநோய் முற்றி, வெயில் காற்று உதவும் என்று 1751இல் மனைவி மெர்சியோடு கப்பலேறி வந்தவர், வந்து இரண்டே வாரத்தில், அக்டோபர் 26இல் இறந்தார். வயது 49. பிள்ளைகள் நாலு பேரும் இங்கிலாந்தில். மெர்சி தன்னந்தனியாக உட்கார்ந்து அவர்களுக்குச் செய்தி எழுத வேண்டியிருந்தது. பெற்ற ஒன்பதில் மிஞ்சிய நாலு பேருக்கு. அப்புறம் அவர் மட்டும் கப்பலேறித் திரும்பினார். கணவருக்குப் பிறகு ஏறக்குறைய நாற்பது வருடம் வாழ்ந்தார்.

பென்சில் கொண்டுபோயிருந்தேன், புழு சார். எதையும் எழுதவில்லை.