முட்டைக்கோஸ், ஆப்பிள் சாலட் மொறுமொறுப்பாகவே இருக்க என்ன வழி?

கேள்வி: மெல்லியதாக நறுக்கிய முட்டைக்கோஸுடன் ஆப்பிளும் மாதுளை முத்துகளும் சேர்த்துச் செய்யும் சாலட், உண்ண அமர்வதற்குள் நீர்விட்டுத் துவண்டுபோகாமல் இருக்க என்ன செய்யலாம்?

மறுமொழி 1: அரைக் கிலோ கோஸில் ஒரு தேக்கரண்டி உப்பைப் பிசறி 30 நிமிடம் வடிதட்டில் வைத்தால், உள்ளிருக்கும் நீரில் ஒரு பகுதி முன்கூட்டியே வெளியேறிவிடும், பிறகு அலசி, துணியில் இறுகப் பிழிந்தெடுங்கள்.

மறுமொழி 2: உடனே பரிமாறுவதென்றால் உப்பே வேண்டாம் என்பேன். பனிக்கட்டி நீரில் 15 நிமிடம் ஊறினாலே கோஸ் நீரை உறிஞ்சி விறைத்துக்கொள்ளும். ஆனால் ஈரம் போக உலர்த்துவது முக்கியம். ஆப்பிளைக் கடைசியாக நறுக்கி, பழுப்பேறாதிருக்க எலுமிச்சைச் சாற்றில் புரட்டுங்கள்.

மறுமொழி 3: தயிர் சேர்ப்பவர்கள் சமைக்காத அன்னாசியைத் தவிர்க்கலாம், அதிலுள்ள புரோமிலைன் நொதி பால் புரதத்தைச் சிதைத்துக் கசப்பேற்றும்.