ரைடிங் கியர் ஆன்லைன்ல வாங்கலாமா, கடைக்குப் போயே வாங்கணுமா? டெல்டா பக்கம் ஓட்டுறவங்க சொல்லுங்க

பாமணி ரைடர்:

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கத்துல ஊரு, வேலை தஞ்சாவூர்ல, வடுவூர் வழியா தெனமும் பைக்லதான் போயிட்டு வர்றேன், ஒரு வழி நாப்பது கிலோமீட்டர் கிட்ட வரும். திரும்பும்போது பெரும்பாலும் இருட்டிடும். நம்ம ரோடு எப்படின்னு உங்களுக்கே தெரியும், நடவு நேரத்துல கேஜ் வீலுங்கற இரும்புச் சக்கரம் போட்ட டிராக்டர் சேத்த அப்படியே தார் ரோட்டுல இழுத்து விட்டுட்டுப் போயிடும், அறுப்பு முடிஞ்சா நெல்லு காயும், அப்புறம் பங்குனி வாக்குல உளுந்துச் செடிய வண்டி ஏறி மிதிக்கட்டும்னு ரோட்டு மேலயே பரப்பி வச்சிருப்பாங்க, அதுல பிரேக் புடிச்சா வண்டி எங்க போவும்னு சொல்ல முடியாது. அதனால ஹெல்மெட் மட்டும் போதாது, ஜாக்கெட் கிளவுஸ் எல்லாம் சேத்து ஒழுங்கா வாங்கிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். மொத்தம் இருபதாயிரம் ஒதுக்கி வச்சிருக்கேன்.

எங்க ஊர்க் கடையில ஹெல்மெட்டும் ரெயின்கோட்டும்தான் கிடைக்குது. திருச்சியில ஒரு கடையில ஜாக்கெட் போட்டுப் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அதே மாடல் ஆன்லைன்ல கிட்டத்தட்ட ரெண்டாயிரம் கம்மி. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஆன்லைன்ல போடுங்கறாங்க. எதை எங்க வாங்குறதுன்னு அனுபவப்பட்டவங்க சொன்னா உதவியா இருக்கும். இன்னொன்னு, இந்த வெயில்லயும் புழுக்கத்துலயும் ஜாக்கெட் போட்டு ஓட்ட முடியுமா? அப்பா அதத்தான் கேக்குறாரு.

வெண்ணாறு 350:

ப்ரோ, ஹெல்மெட்ட மட்டும் தயவுசெஞ்சு ஆன்லைன்ல போடாதீங்க, அதாவது முதல் தடவை அந்த மாடல வாங்கும்போது. தலை சுத்தளவ புருவத்துக்கு ஒரு இன்ச் மேல டேப் வச்சு அளந்து சைஸ் சார்ட்ல பாத்துப் போடலாம்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா சுத்தளவு ஒன்னா இருந்தாலும் தலையோட வடிவம் ஆளுக்கு ஆள் மாறுது, சிலருக்கு உருண்டையா இருக்கும் சிலருக்கு முன்னும் பின்னும் நீளமா இருக்கும், ஒரு கம்பெனியோட எல் சைஸ் கச்சிதமா இருக்குற ஆளுக்கு இன்னொரு கம்பெனியோட எல் நெத்தியில போய் அழுத்தும். அது டேப்ல தெரியாது, மாட்டினாத்தான் தெரியும்.

கடையில மாட்டிட்டு உடனே கழட்டிடாதீங்க. ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் தலையிலயே வச்சிருங்க, கடைக்காரர் ஒன்னும் சொல்ல மாட்டார். கழட்டுனதும் நெத்தியில ஒரு எடத்துல மட்டும் செவப்பா தடம் விழுந்திருந்தா அந்த ஷேப் உங்களுக்கு ஒத்து வராது. கன்னத்துல கொஞ்சம் டைட்டா இருக்கணும், ஹெல்மெட்ட ரெண்டு கையாலயும் புடிச்சு பக்கவாட்டுல திருப்புனா கன்னத்துத் தோலும் சேந்து நகரணும், வெறும் ஹெல்மெட் மட்டும் சுத்துச்சுன்னா பெருசு. அப்புறம் ஸ்ட்ராப் மாட்டிட்டு பின்னாடி கீழ் விளிம்பப் புடிச்சு முன்னாடி மேல தூக்கிப் பாருங்க, தலைய விட்டுக் கழண்டு வருதுன்னா அதை வாங்கவே கூடாது. கன்னத்துப் பேடு போகப் போகக் கொஞ்சம் அமுங்கிடும், அதனால புதுசுல கொஞ்சம் டைட்டா இருக்குறதுதான் சரி.

நீங்க இருட்டுல வர்றதால க்ளியர் வைசர்தான் வேணும். கறுப்பு வைசர் ஸ்டைலா இருக்கும், ராத்திரி ஓட்ட லாயக்கில்ல. கார்த்திகை மார்கழில வயக்காட்டு ஓரமா சாயங்காலம் வரும்போது பூச்சி கூட்டமா வந்து மோதும், வைசரத் தூக்கிட்டு ஓட்டவே முடியாது. அதனால கீறல் விழுந்தா மாத்திக்கிற மாதிரி ஸ்பேர் வைசர் நம்ம பக்கத்துலயே கிடைக்கிற மாடலா பாத்து வாங்குங்க. ஆன்லைன்ல யாருக்கும் தெரியாத பேர்ல ஒரு ஹெல்மெட் சலிசா கிடைக்கும், ஆறு மாசம் கழிச்சு வைசர் தேடினா எங்கயும் கிடைக்காது.

குடந்தை ஹெல்மெட் கடை:

தம்பி, நான் கும்பகோணத்துல ஹெல்மெட் கடை வச்சிருக்கேன், அதனால கடைக்காரன் பக்கம்தான் பேசுவேன்னு நெனைக்காதீங்க, உள்ளத உள்ளபடி சொல்றேன்.

விலை வித்தியாசம் எங்கேருந்து வருதுன்னா, ஜாக்கெட்னா ஒரு மாடலுக்கு எஸ்லேருந்து டபுள் எக்ஸ்எல் வரைக்கும் அஞ்சு சைஸ், ரெண்டு கலர், பத்து பீஸ் எடுத்து வைக்கணும், அதுல எல் எக்ஸ்எல் மட்டும் போகும், மிச்சம் வருஷக்கணக்குல தொங்கும். அந்தப் பணம் முடங்கறது, கடை வாடகை எல்லாம் விலையிலதான் ஏறும். ஆன்லைன்ல விக்கிறவருக்கு ஒரே குடோன்ல நாடு முழுக்க கஸ்டமர். எங்க மாதிரி ஊருல ஜாக்கெட் ஸ்டாக் வைக்காததுக்கு அதான் காரணம். ஆனா நீங்க பாத்த அந்த ரெண்டாயிரத்த நம்பி முடிவு பண்ணிடாதீங்க. எம்ஆர்பிய ஒட்டித்தான் கடையில முதல்ல சொல்வாங்க, மொபைல எடுத்து விலையக் காட்டி நேராவே கேளுங்க, பாதி தூரமாவது எறங்கி வருவாங்க, இல்லேன்னா அதே விலைக்கு கிளவுஸ் சேத்துத் தருவாங்க. ஸ்டாக்ல இல்லாத சைஸுன்னா கொஞ்சம் அட்வான்ஸ் குடுத்தா டீலர்கிட்ட சொல்லி வரவழைச்சும் தருவோம். ஒன்னே ஒன்னு மட்டும் கேட்டுக்கிறேன், ஒரு மணி நேரம் எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டு, விலைகூடக் கேக்காம வெளிய போய் ஆன்லைன்ல ஆர்டர் போடாதீங்க, அது மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

ஐஎஸ்ஐ பத்தி சொல்லணும். 2021 ஜூன் 1லேருந்து ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத டூவீலர் ஹெல்மெட் விக்கிறதே சட்டப்படி தப்பு, ஆனாலும் ரோட்டோரத்துல துணி விரிச்சு விக்கிறதப் பாக்குறோம், ஆன்லைன்லயும் நுழைஞ்சுடுது. முத்திரைக்கு மேல ஐஎஸ் 4151னு இருக்கணும், கீழ சிஎம்/எல்னு ஆரம்பிச்சு ஒரு லைசென்ஸ் நம்பர் இருக்கணும். மொபைல்ல பிஐஎஸ் கேர்னு அரசாங்க ஆப் இருக்கு, அதுல அந்த நம்பரப் போட்டா எந்தக் கம்பெனி, லைசென்ஸ் உயிரோட இருக்கான்னு காட்டும். கடையில நின்னுக்கிட்டே பாத்துடலாம், பார்சல்ல வந்தாலும் பாருங்க. டாட் ஸ்டிக்கர மட்டும் பாத்து ஏமாறாதீங்க, அது அமெரிக்கா முறை, கம்பெனியே தனக்குத் தானே ஒட்டிக்கிறது, வெறும் ஸ்டிக்கரா தனியாவும் கிடைக்குது.

தயாரிச்ச மாசம் வருஷமும் பாருங்க. ஹெல்மெட்டுக்கு உள்ள இருக்குற தெர்மகோல்தான் தலையக் காப்பாத்துது, வேர்வையும் சூடும் பட்டுப் பட்டு அது தளர்ந்துடும், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்றாங்க. ஆஃபர்ல பாதி விலைக்கு வர்றது ரெண்டு மூணு வருஷப் பழைய ஸ்டாக்கா இருந்தா உங்களுக்கு என்ன லாபம்? கடையில திருப்பிப் பாத்து வாங்கலாம், ஆன்லைன்ல வீட்டுக்கு வந்தப்புறம்தான் தெரியும்.

ஆரூர் ரைடர்:

அண்ணன் சொன்னதுல ஹெல்மெட் வரைக்கும் முழுசா ஒத்துக்கறேன். ஆனா ஜாக்கெட் விஷயத்துல பொண்ணுங்களுக்குக் கடைங்கறதே கிடையாது. திருவாரூர், நாகப்பட்டினம், தஞ்சாவூர்னு நான் தேடின வரைக்கும் லேடீஸ் கட் ஜாக்கெட் ஒன்னுகூடப் பாக்கல, ஜென்ட்ஸ் எஸ் சைஸ எடுத்துக் குடுத்து இதப் போட்டுக்குங்கம்மான்னு சொல்றாங்க. தோள்பட்டை எறங்கி, முழங்கை ஆர்மர், அதாவது உள்ள இருக்குற அடி தாங்குற பேடு, முன்கைக்கு வந்துடும், அதப் போட்டு என்ன பிரயோஜனம்? எனக்கு ஆன்லைன் மட்டும்தான் வழி, அதுல நல்லாவே அமைஞ்சுது. அதனால ஆன்லைனே மோசம்னு பேசுறத ஏத்துக்க முடியல.

தம்பி, நீங்க ஆன்லைன்ல ஜாக்கெட் எடுத்தா நெஞ்சு, இடுப்பு, கை நீளம் மூணையும் வேற யாரையாவது அளக்கச் சொல்லுங்க, நாமளே அளந்தா கை நீளம் தப்பா வரும். கை நீளத்த பைக் ஹேண்டில்பாரப் புடிக்கிற மாதிரி முழங்கைய மடக்கி வச்சு அளக்கணும், ஏன்னா நேரா நிக்கும்போது சரியா இருக்குற கை, ஓட்டும்போது மேல ஏறிடும். பார்சல் வந்ததும் டேக் எதையும் கழட்டாம வீட்டுக்குள்ளயே போட்டு, ஸ்டாண்டு போட்ட வண்டி மேல உக்காந்து பாருங்க. ஆர்மர் முழங்கை எலும்பு மேல கச்சிதமா உக்காரணும், கையால புடிச்சு சுத்துனா நகரக் கூடாது. ரோட்டுல உருளும்போது பேடு ஒரு பக்கம் போச்சுன்னா முழங்கை சும்மாத்தான் அடிபடும்.

அப்புறம் ஆர்டர் போடறதுக்கு முன்னாடியே உங்க பின்கோடுக்கு ரிட்டர்ன் பிக்கப் இருக்கான்னு பாத்துக்குங்க, இது நம்ம பக்கத்துக்கு ரொம்ப முக்கியம். கிராமத்துப் பின்கோடுக்குக் கொண்டு வந்து குடுப்பாங்க, திரும்ப எடுத்துக்க வர மாட்டாங்க, நீங்களே கூரியர்ல போட்டு அனுப்புங்கன்னு சொல்வாங்க, அந்தச் செலவு நம்ம தலையில. நான் சொந்தக்காரங்க வீட்டு டவுன் அட்ரஸ்தான் குடுப்பேன். சில பெரிய தளத்துல அதே பிராண்டு பேருல யார் யாரோ விக்கிறாங்க, அதுக்கு அந்த ஜாக்கெட் கம்பெனியோட சொந்த வெப்சைட்லயே வாங்கிடுங்க, சைஸ் மாத்தித் தர்றதும் அங்கதான் ஒழுங்கா நடக்கும். பார்சல் பிரிக்கறத வீடியோ எடுத்து வைங்க, பில்ல எடுத்து வைங்க. தகராறு வந்து ஒன்னும் நடக்கலேன்னா 1915ன்னு தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் இருக்கு.

கோடியக்கரை ரோடு:

ஜாக்கெட்ல இன்னொரு விஷயம் எல்லாரும் கோட்டை விடுறாங்க. "சிஈ லெவல் 2"ன்னு பெருசா போட்டிருக்கும், சிஈன்னா ஐரோப்பா முத்திரை, அது பெரும்பாலும் உள்ள இருக்குற பேடுக்குத்தான், ஜாக்கெட்டுக்கு இல்ல. பேடுக்கான முறை ஈஎன் 1621. தோள் முழங்கைக்கு லெவல் 1னா அடிபடும்போது உள்ள கடந்து போற விசை சராசரியா 35 கிலோநியூட்டனுக்குள்ள இருக்கணும், லெவல் 2ன்னா 20க்குள்ள. முதுகுக்கு 18ம் 9ம். ஆனா துணி தேஞ்சு கிழியாம இருக்குமா, தையல் பிரியுமான்னு பாக்குறது ஈஎன் 17092ன்னு வேற முறை, அதுல டிரிபிள் ஏ, டபுள் ஏ, ஏன்னு தரம் குடுப்பாங்க. துணி கிழிஞ்சுட்டா பேடு எவ்வளவு நல்லதா இருந்து என்ன? உள்பக்க லேபிள்ல 17092ம் அந்த ஏ எழுத்தும் இருக்கான்னு பாருங்க. கடையில இருக்குறவர்கிட்டக் கேட்டா பல பேருக்குத் தெரியறதில்ல, வெப்சைட்ல எழுதியிருப்பாங்க, எழுதலேன்னா இல்லைன்னே வச்சுக்கலாம். வாங்கும்போது முதுகுல வெறும் ஃபோம் பேடு வச்சுக் குடுக்குற கம்பெனி நெறைய, அதத் தனியா மாத்திக்கணும், அந்தக் காசையும் கணக்குல சேருங்க.

வெயில் பத்தி அப்பா கேட்டது நியாயமான கேள்விதான். மெஷ் ஜாக்கெட், அதாவது வலை மாதிரி துணியில தச்சது, எடுங்க. வண்டி ஓடிட்டு இருக்கும்போது காத்து உள்ள பூந்து வேர்வையில படுறதால நல்லாவே இருக்கும், சித்திரையிலயே வேதாரண்யம் பக்கம் மெஷ் போட்டுத்தான் ஓட்டுறேன். ரயில்வே கேட்டுல நிக்கும்போதுதான் வேகும், அப்ப ஜிப்ப எறக்கி விட்டுக்கலாம். மழைக்கு உள்ள மாட்டற லைனர் தர்றாங்க, ஐப்பசி அடமழைக்கு அது சரிப்படாது, உடம்பு நனையாது ஆனா மேல ஜாக்கெட் ஊறி கனமாயி ரெண்டு நாளைக்குக் காயாது, தெனமும் ஓட்டுறவருக்கு அது ஆகுமா? ஜாக்கெட்டுக்கு மேலயே போடற ரெயின்கோட்டு பெரிய சைஸா உங்க ஊர்லயே வாங்கிடுங்க.

இருபதாயிரத்துல ஹெல்மெட்டுக்கு ஒரு நாலு, ஜாக்கெட்டுக்கு எட்டு, கிளவுஸுக்கு ரெண்டு ரெண்டரை, மிச்சத்துல கணுக்கால் மறைக்கிற ஷூவும் முழங்கால் கார்டும். செருப்புப் போட்டு ஓட்டுறத முதல்ல நிறுத்தணும். கிளவுஸ் கடையிலயே போட்டுப் பாத்து வாங்குறது நல்லது, விரல் நுனி இடிக்குதா, கிளட்ச் புடிக்கும்போது உள்ளங்கையில துணி சுருளுதான்னு பாக்கணும். மணிக்கட்டு ஸ்ட்ராப்ப மாட்டிட்டு இழுத்தா கழண்டு வரக் கூடாது. கீழ விழும்போது முதல்ல தரையில ஊனறது கைதான்.

பாமணி ரைடர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. ஹெல்மெட்டும் கிளவுஸும் கடையில எடுத்துக்கறேன். அந்தத் திருச்சி ஜாக்கெட் எனக்குச் சரியா இருந்துச்சு, லேபிள்ல 17092 இருந்தா அந்தக் கடைக்கே திரும்பப் போய் விலைய நேரா கேட்டுப் பாக்கறேன், எறங்கி வந்தா அங்கயே எடுத்துடுவேன், இல்லேன்னா அக்கா சொன்ன மாதிரி கம்பெனி வெப்சைட்ல. குடந்தை அண்ணே, ஒரு கேள்வி. அப்பா டிவிஎஸ் எக்ஸ்எல்லதான் வயலுக்கும் உரக்கடைக்கும் போறாரு, ஹெல்மெட் போட்டா காது கேக்கல, மூச்சு முட்டுதுங்கறாரு. அவருக்கு என்ன வாங்கலாம்?

குடந்தை ஹெல்மெட் கடை:

தம்பி, ஃபுல் ஃபேஸ்தான் தாடைக்கும் சேத்துப் பாதுகாப்பு, முதல்ல அதையே ஒரு தடவை போட்டுப் பாக்கச் சொல்லுங்க. முடியவே முடியாதுன்னா ஓப்பன் ஃபேஸ்ல நீள வைசர் வச்சது, எடை கம்மியானது, ஐஎஸ்ஐ உள்ளது எடுங்க. தலையில பாதி மட்டும் மூடற சட்டி மாதிரி ஒன்னு விக்கிறாங்க, அது மட்டும் வேண்டாம். வெள்ளை இல்லேன்னா மஞ்சள் கலர்னா இருட்டுல வர்ற வண்டிக்குத் தெரியும். ஸ்ட்ராப்ல ரெண்டு வளையத்துல கோத்து இழுக்குற டபுள் டி ரிங் வேண்டாம், வயசானவங்க அத மாட்டாமலே ஓட்டுவாங்க, க்ளிக்னு மாட்டற பக்கிள் எடுங்க. அவரையே கூட்டிட்டுப் போய் வாங்குங்க, உங்க தலைக்குப் பாத்து வாங்கிட்டுப் போய்க் குடுத்தா வண்டி ஹேண்டில்லதான் தொங்கும். கண்ணாடி போடறவரா இருந்தா கண்ணாடியோடவே மாட்டிப் பாக்கணும், காதுகிட்ட பேடு கண்ணாடிக் காம்ப அமுக்குச்சுன்னா வேற மாடல் கேளுங்க.