குடும்பத்தோடு தியானத்துக்குப் போய் மானத்தோடு திரும்பியவர்கள் இருக்கிறீர்களா?

வில்லாபுரம் மருமகள் கேட்டது:

பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "தியானம் மாதிரி ஏதாவது பழகுங்கம்மா" என்றார். மாத்திரை ஒரு மடக்குத் தண்ணீரில் உள்ளே போய்விடுகிறது. தியானம்தான் எங்கள் வீட்டு வாசல்படியே ஏற மாட்டேன் என்கிறது.

வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் விளங்கும். மாடி போர்ஷன். கணவர், மாமனார், மாமியார், ஒன்பதாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன். நான் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். எல்லோரும் எழுந்திருக்கும் முன்னால் பாயை விரித்து, போனில் ஒரு ஆப் போட்டு உட்கார்ந்தேன். அதில் ஒரு பெண் குரல், "உங்கள் மூச்சை மட்டும் கவனியுங்கள்" என்று கொஞ்சுகிறது. நானும் கவனித்தேன். உள்ளே போகிற மூச்சில் பக்கத்து வீட்டுக் கருவாடு. வெளியே வருகிற மூச்சோடு, ராத்திரி ஆட்டிய மாவு பொங்கி வழிந்திருக்குமோ என்ற கவலை. ஆடி மாதம் வேறு. தெருமுனை அம்மன் கோவில் குழாய் ஸ்பீக்கர் விடியும் முன்பே ஆரம்பித்துவிடும். "அமைதியான ஒரு கடற்கரையை நினைத்துக்கொள்ளுங்கள்" என்று ஆப் பெண் சொன்ன நேரம், கூழ் ஊற்றப் பாத்திரத்தோடு வரச்சொல்லி மைக்கில் கூப்பிட்டார்கள். நான் நினைத்த கடற்கரையில் எல்லோரும் தூக்குவாளியோடு நின்றார்கள்.

என்னை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து தொந்தரவு செய்யாமல் இருப்பதையே சத்தமாகச் செய்கிறார்கள். "டேய், அம்மா தியானத்துல இருக்காடா, சத்தம் போடாத!" என்று அத்தை போடும் சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர்கள் அடங்கிவிடுவார்கள். மாமா ஒரு நாள் என் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்துவிட்டு, "தூங்குது போல" என்று உள்ளே தகவல் சொன்னார்.

வீட்டில் இது நடக்காது, திருவண்ணாமலைக்குப் போ என்று நாத்தனார் யோசனை சொன்னாள். தனியாகப் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருகிறேன் என்றேன். "தனியா எதுக்கு? நாங்கல்லாம் இல்லையா?" என்று அத்தை கேட்டது பாசத்தில்தான். வேன் பிடித்தாயிற்று. நாத்தனார் குடும்பமும், உசிலம்பட்டியிலிருந்து சின்ன அத்தையும் சேர்ந்துகொண்டார்கள். புளியோதரை ஒரு தூக்கு, முறுக்கு ஒரு டின், வாந்திக்கு எலுமிச்சம்பழம். மேலூர் தாண்டும் முன்பே எலுமிச்சம்பழம் கைவிட்டுவிட்டது. வழி நெடுக நடந்ததைச் சொல்லப்போவதில்லை, டிரைவர் பாவம்.

அங்கே ஒரு ஆசிரமத்தில் (பேர் வேண்டாம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை) தியான மண்டபம். பேசக் கூடாது என்று பலகையே இருக்கிறது. உள்ளே அரை இருட்டு, மின்விசிறிச் சத்தம் மட்டும். முதுகை நிமிர்த்தி ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்மூடி உட்கார்ந்திருந்தாள். அத்தை அவளுக்கு நேர் எதிரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என் காதில், அதாவது மண்டபம் முழுவதற்கும், "யார் பெத்த பிள்ளையோ, சாப்பிட்டுச்சோ என்னவோ" என்றார். மாமா தூணில் சாய்ந்த கையோடு குறட்டை. மகன் முறுக்கைக் கடிக்காமல் வாயில் ஊறவைத்திருந்தான். அவன் ஒருவன்தான் விதியை மதித்தவன்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. சின்ன அத்தையின் போனில் யார் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு குரல் பேர் சொல்லும். கண் சரியாகத் தெரியாது என்று பேரன் வைத்துக் கொடுத்தது. அந்த மௌனத்தின் நடுவில் அது, "கறிக்கடை மாமா... கறிக்கடை மாமா..." என்று அறிவிக்க ஆரம்பித்தது. போன் சுருக்குப்பைக்குள், சுருக்குப்பை மஞ்சப்பைக்குள், மஞ்சப்பை முந்தானையில் முடிந்தபடி. ஒவ்வொன்றாக அவிழ்த்து எடுக்கும்வரை கறிக்கடை மாமா நிறுத்தவில்லை. கட் பண்ணுவார் என்று பார்த்தால் எடுத்துப் பேசினார். "ஆங், தியானத்துல இருக்கேன். ஞாயித்துக்கிழமைக்கு ஒரு கிலோ எடுத்து வையி. நெஞ்செலும்பு போட்டு."

வெள்ளைக்காரப் பெண் ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். நான் எழுந்து வெளியே போய்ச் செருப்பு விடும் இடத்தில் நின்றுகொண்டேன், யாரோ மாதிரி. பிறகு பார்த்தால் அதே பெண் வேன் பக்கத்தில் அத்தையோடு உட்கார்ந்து புளியோதரை சாப்பிடுகிறாள். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது, இரண்டு பேரும் அப்படிச் சிரிக்கிறார்கள். தியானத்துக்குப் போனது நான்!

இப்போது காலாண்டு லீவுக்கு மறுபடி வேன் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. கேள்வி இதுதான். இந்தக் கூட்டத்தோடு போய்வர ஏதாவது வழி உண்டா? இல்லை, மதுரைக்குள்ளேயே நான் மட்டும் சத்தமில்லாமல் போய் உட்கார இடம் இருக்கிறதா? பத்து நாள் பேசாமல் இருக்கும் கோர்ஸ் போனவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.

தெப்பக்குளத்தான்:

அக்கா, உங்கள் சின்ன அத்தையை எங்கள் அப்பாவோடு ஒரே வேனில் ஏற்றக் கூடாது, நாடு தாங்காது. ராமேஸ்வரத்தில் கோவிலுக்குள்ளே 22 தீர்த்தம் இருக்கிறதல்லவா, ஒவ்வொன்றிலும் வாளியில் மொண்டு ஊற்றுவார்கள். எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் அப்பா, "21தான் ஆச்சு, ஒண்ணு விட்டுப்போச்சு" என்று ஆரம்பித்தார். தண்ணீர் ஊற்றியவர் 22 என்கிறார். அப்பா ஈர வேட்டியோடு நின்று தீர்த்தத்தின் பேரெல்லாம் விரல்விட்டு எண்ணச் சொல்கிறார். பின்னால் வடஇந்தியக் குடும்பம் ஒன்று இதுவும் ஒரு சடங்கு என்று நினைத்துக் கைகூப்பி நின்றது. கடைசியில் அவர் பொறுக்க முடியாமல் ஒரு வாளியை அப்பா தலையில் மட்டும் தனியாக ஊற்றி அனுப்பினார்.

என் அனுபவத்தில் ஒரே வழிதான். கூட்டத்தைச் சாப்பாட்டில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் நழுவ வேண்டும். புளியோதரையை மண்டபத்துக்குள் போகும் முன்பே திறங்கள், போய்வந்த பிறகு அல்ல.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

அம்மா, நீங்கள் திருவண்ணாமலைக்கு வேன் பிடித்தீர்கள். ரமணர் திருவண்ணாமலைக்குப் போனதே மதுரையிலிருந்துதான். திருச்சுழியில் பிறந்த பையன். அப்பா தவறிய பிறகு இங்கே சித்தப்பா வீட்டில் வளர்ந்தார். மீனாட்சியம்மன் கோவிலுக்குத் தெற்கே சொக்கப்ப நாயக்கன் தெருவில் அந்த வீடு. 1896 ஜூலையில், 16 வயதில், திடீரென்று சாவு பயம் வந்து, செத்துத்தான் பார்ப்போமே என்று கைகால் விறைத்துக் கீழே படுத்து, 'செத்தால் எது சாகிறது' என்று உள்ளே பார்த்தது அந்த வீட்டில்தான். இப்போது ரமண மந்திரம் என்ற பெயரில் இருக்கிறது. போய் உட்காரலாம். விளக்குத்தூணிலிருந்து நடக்கிற தூரம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்ததை. அந்த வீட்டிலும் தியானத்துக்கு மரியாதை இல்லை. ஆகஸ்ட் 29 அன்று ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுதிவரச் சொல்லி இம்போசிஷன். இரண்டு தடவை எழுதிவிட்டு, போதும் என்று நோட்டை ஒதுக்கிவைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், இப்படி இருப்பவனுக்கு வீடும் படிப்பும் எதற்கு என்கிற மாதிரி ஒரு வார்த்தை விட்டார். நியாயம்தானே என்று பையனுக்குத் தோன்றிவிட்டது. ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று கிளம்பினார். அப்படியானால் என் காலேஜ் ஃபீஸ் ஐந்து ரூபாயையும் கட்டிவிடு என்றார் அண்ணன். அதில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டைச் சீட்டோடு வைத்துவிட்டு ரயிலேறிவிட்டார். பழைய வரைபடத்தைப் பார்த்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கினார். திருவண்ணாமலைக்கு ரயில் வந்துவிட்டது அந்தப் படத்தில் இல்லை. செப்டம்பர் 1 போய்ச் சேர்ந்தார்.

நானும் ஆங்கிலம் எடுத்தவன். எத்தனையோ பிள்ளைகளுக்கு இம்போசிஷன் கொடுத்திருக்கிறேன். ஒருத்தனும் ஞானியாகவில்லை, எல்லாரும் மூன்றாவது தடவையும் எழுதிக் கொண்டுவந்தான்கள்.

நாகமலைக்காரி:

கீழக்குயில்குடி சமணர் மலையும் நல்ல இடம்தான். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், கருப்பணசாமி கோவில். படியேறினால் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேலாகக் கால்மேல் கால் போட்டு, கண் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்கே வெட்கமாக இருக்கும். வேலை நாளில் காலை வெயில் ஏறும் முன்னால் போங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்: கல்யாண ஃபோட்டோ எடுக்கிறவர்கள், டிரோன், எல்லாம் உண்டு.

எங்கள் அப்பாவை மட்டும் கூட்டிப்போனேன். துபாயிலிருக்கும் அண்ணனுக்கு வீடியோ கால் போட்டு மகாவீரர் பக்கம் போனைத் திருப்பி, "பாத்தியாடா, இவரு ஒரு வேலைக்கும் போகாம எப்பேர்ப்பட்ட பேரு வாங்கிட்டாரு" என்றார். அண்ணன் அப்போது லீவு கேட்டுக்கொண்டிருந்தான். இருக்கிற மூடில் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

சிம்மக்கல் மௌனி:

பத்து நாள் விபாசனா முடித்தவன் நான். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறேன், வாய்தான் என் முதலீடு. அதனால் போகும்போதே வீட்டில் பந்தயம் கட்டினார்கள்.

விவரம் இது. காலை நாலு மணிக்கு மணியடிப்பார்கள். பேச்சு கிடையாது, சைகை, ஜாடைகூடக் கிடையாது. போன், புத்தகம், பேனா எதுவும் கிடையாது. நாளைக்குக் கிட்டத்தட்ட பத்து மணி நேரம் உட்கார வேண்டும். முதல் மூன்று நாள் மூக்கு வழியாகப் போய்வரும் மூச்சு மட்டும், நாலாம் நாளிலிருந்து தலை முதல் கால் வரை உடம்பில் தெரியும் உணர்ச்சியைக் கவனிப்பது. காலையில் டிபன், பதினொரு மணிக்கு மதியச் சாப்பாடு, சாயங்காலம் புதியவர்களுக்குப் பழமும் டீயும். அவ்வளவுதான். கட்டணம் இல்லை, முடித்த பிறகு விருப்பப்பட்டால் நன்கொடை.

கண்ணை மூடினால் ஞானம் வரும் என்று போனேன். எனக்கு வந்தது, திருப்பூர் பார்ட்டி தர வேண்டிய பழைய பாக்கி. பைசா சுத்தமாக, பில் நம்பரோடு. முட்டி வலி ஒரு பக்கம். பக்கத்து ஆள் மணிக்கொரு தடவை சொடக்கு எடுப்பார். அவர் மேல் எனக்கு வந்த கோபம் கூடப் பிறந்தவன் மேல்கூட வந்ததில்லை. பத்தாம் நாள் பேச விட்டதும் முதல் வேலையாக அவரிடம் போனேன். அவர் முந்திக்கொண்டு, "நீங்கதானே அந்த ஏப்பம்?" என்றார். இப்போது நாங்கள் சிநேகிதர்கள்.

வீட்டில்தான் கஷ்டம். திரும்பி வந்து ஒரு மணி நேரம் அமைதியாக இருந்தேன். என் சம்சாரம் பயந்துபோய் மச்சான்களுக்குப் போன் போட்டுவிட்டது. பஞ்சாயத்துக் கூடி, சாமியாராகும் எண்ணம் இல்லை என்று நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதாயிற்று.

மருமகள் அம்மா, பிரஷர் இருக்கிறதால் ஒன்று. விண்ணப்பத்தில் உடம்பு விவரம் கேட்பார்கள், மாத்திரை சாப்பிடுவதை மறைக்காமல் எழுதுங்கள். தியானம் செய்கிறோம் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வில்லாபுரம் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, கடை விட்டதும் சொக்கப்ப நாயக்கன் தெருவுக்குப் போய்விட்டு வந்தேன். அந்தத் தெருவிலா இப்படி ஒரு இடம் என்று இருந்தது. போனை அணைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். மூச்சு, மாவு, ஜிஎஸ்டி எல்லாம் வந்தன. வந்துவிட்டுப் போயும் விட்டன. போனது புதுசு.

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே எல்லோரும் நிற்கிறார்கள். நீங்கள் எழுதியதை மகளுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். நான் வர நேரமானதும் அவள் பாட்டியிடம், "அந்தப் பையனும் சொல்லாமத்தான் போனாராம், மூணு ரூபா எடுத்துக்கிட்டு" என்று சொல்லியிருக்கிறாள். அத்தை அஞ்சறைப் பெட்டியைத் திறந்து சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார்.

மௌனி அண்ணா, உங்கள் கோர்ஸைப் பற்றிச் சாப்பிடும்போது சொன்னேன். "பத்து நாளும் அவங்களே ஆக்கிப் போடுறாங்களா? பாத்திரமும் தேய்க்க வேண்டாமா?" என்று அத்தை கேட்டார். "அவங்கவங்க தட்டை மட்டும் கழுவணும் போல" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நான் போறேன்" என்கிறார். சின்ன அத்தையையும் கூட்டிக்கொண்டாம். மாமா அதிலிருந்து முகமெல்லாம் மலர்ச்சியாக இருக்கிறார், எனக்கும் வீட்டிலேயே பாயை விரிக்கலாம் போலிருக்கிறது. வயதானவர்களைச் சேர்த்துக்கொள்வார்களா?

சிம்மக்கல் மௌனி:

என் பேட்ச்சில் பெரியவர்கள் இருந்தார்கள். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அத்தையை முட்டி வலி, சுகர் எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் எழுதச் சொல்லுங்கள். பேசாமல் இருக்க முடியாததை எழுத அதில் கட்டம் இல்லை.