தினமும் காலையில் 2009-க்குப் போய்விடும் கம்ப்யூட்டர்

அரைத்தூக்கம்:
பழைய டெஸ்க்டாப். ராத்திரி ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் படுப்பது என் வழக்கம். ஒரு வாரமாகக் காலையில் ஆன் செய்தால் 2009 ஜனவரி 1 என்கிறது. எந்த வெப்சைட்டுக்குப் போனாலும் பாதுகாப்பு எச்சரிக்கை. விண்டோஸில் நேரத்தை இன்டர்நெட்டோடு சரிபார்க்கச் சொன்னால் பிழை. கையால் தேதியை மாற்றினால் அன்று முழுக்க ஒழுங்காக ஓடுகிறது. மறுநாள் பழைய கதை. வைரஸா?

போதாக்குறைக்கு ஹால் கடிகாரமும் மாதம் ஒரு நிமிடம் பின்தங்குகிறது. போன மாதம்தான் செல் மாற்றினேன்.

திருப்புளி:
வைரஸும் இல்லை, பில்லிசூனியமும் இல்லை. மதர்போர்டில் ஒரு காயின் பேட்டரி இருக்கும், சிஆர் 2032. (20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 கனம், அதுதான் அந்தப் பெயர்.) கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்ததும் பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருள்) தன் தொடக்கத் தேதிக்குத் திரும்பிவிடுகிறது. ப்ளக் செருகியே இருந்தால் பேட்டரிக்கு வேலை குறைவு. நீங்கள் தினமும் பிடுங்கி அதன் ஆயுளைக் குறைத்திருக்கிறீர்கள்.

வெப்சைட் தன்னை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு. 2009-இல் நிற்கும் கம்ப்யூட்டருக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ். விண்டோஸும் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் 15 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தானாகத் திருத்தாது. தேதியைக் கையால் வைத்துவிட்டு அப்புறம் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, ஓரத்துக் கொக்கியை நகத்தால் தள்ளினால் பேட்டரி துள்ளி வெளியே வரும். பிளஸ் குறி மேலே பார்க்கும்படி புதியதை வையுங்கள்.

அரைத்தூக்கம்:
மாற்றிவிட்டேன். பழையது மீட்டரில் 1.8 வோல்ட். துள்ளியது நேராகக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது, தேடியெடுக்கத்தான் நேரமானது. இன்று காலை தேதி சரி! ஹால் கடிகாரம்?

திருப்புளி:
அது நோயே இல்லை. உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் நொடிக்கு 32,768 தடவை அதிரும். அதை 15 தடவை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு. பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகுவது சகஜம், அதுவே நாளைக்கு 1.7 நொடி. உங்கள் மாதம் ஒரு நிமிடம் கிட்டத்தட்ட அதேதான். 25 டிகிரியை ஒட்டித்தான் அது ஒழுங்காக ஓடும். சூடு ஏறினாலும் மெதுவாகும், குளிர்ந்தாலும் மெதுவாகும். வெயில் படும் சுவரென்றால் இடம் மாற்றிப் பாருங்கள். நொடிமுள் 9-க்குப் பக்கத்தில் ஏற முடியாமல் துடித்தால் மட்டும் செல்லைச் சந்தேகப்படுங்கள்.

கம்ப்யூட்டரிலும் அதே ரகக் குவார்ட்ஸ்தான், அதைவிட உசத்தி ஒன்றுமில்லை. டேவிட் மில்ஸ் 1980-களில் உருவாக்கிய என்டிபி முறையில் அடிக்கடி இன்டர்நெட் வழியாக வெளியே மணி கேட்டுக்கொள்கிறது. கேள்வி போய்ப் பதில் வர ஆன தாமதத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

ஓரத்தில்_நிற்பவன்:
குவார்ட்ஸே இல்லாமல் கரண்டின் 50 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 50 அலைவை, எண்ணி ஓடும் கடிகாரங்களும் உண்டு, சில ஓவன்களில் இருப்பது அதுதான். 2018-இல் கொசோவோ, செர்பியா மின்சாரத் தகராறில் அந்த 50 சராசரியாக 49.996-க்கு இறங்கியது. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கத்துக்குள் ஐரோப்பாவின் பல நாடுகளில் அவை ஏறக்குறைய 6 நிமிடம் பின்தங்கின.

அரைத்தூக்கம்:
என் ஓவன் 12:00 என்று மின்னிக்கொண்டே இருக்கிறது. அதற்கு யாரும் காரணம் சொல்ல வேண்டாம், நான்தான்.