மகனின் போனைப் பார்த்துவிட்டேன், இப்போது முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறான்

திருச்சி அம்மா:
மகன் பத்தாம் வகுப்பு. போன வாரம் அவன் குளிக்கப் போனபோது வாட்ஸ்அப்பைத் திறந்து படித்துவிட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை, கணக்கு வாத்தியாரைக் கிண்டலடித்து நாலு மீம்ஸ். தலை துவட்டிக்கொண்டே வந்தவன் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து "ம்", "தெரியல", இரண்டே வார்த்தைதான். தட்டைத் தூக்கிக்கொண்டு ரூமுக்குப் போய்விடுகிறான். எப்படிச் சரிசெய்வது?

இரண்டு பெண்களின் அப்பா:
முதலில் மன்னிப்புக் கேளுங்கள், "உன் நல்லதுக்குத்தான்" என்று வால் ஒட்டாமல். நான் ஒட்டினேன், இன்னும் பத்து நாள் இழுத்தது. அப்புறம், எதிரில் உட்கார வைத்துப் பேசாதீர்கள், போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். என் பெரியவள் வாய் திறப்பதே டியூஷன் முடிந்து ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரும்போதுதான். முகம் பார்க்க வேண்டியதில்லை பாருங்கள்.

ஓய்வுபெற்ற டீச்சர்:
ராத்திரி 11 மணிக்கு விழித்திருந்தால் உடனே திட்டாதீர்கள். இந்த வயதில் தூக்கத்துக்கான மெலட்டோனின் தாமதமாகத்தான் சுரக்கும். பேச்சு வருவதும் அந்த நேரத்தில்தான். ஆனால் சாப்பாடு, தூக்கம், விளையாட்டு எல்லாமே இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் வெறும் கோபம் என்று விட்டுவிடக் கூடாது. 14416-க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

திருச்சி அம்மா:
நேற்று வாலில்லாமல் கேட்டுவிட்டேன். "ம்" என்றான். பத்தரைக்கு வந்து முட்டை தோசை கேட்டான். இரண்டாவது தோசையை அடுப்புப் பக்கத்தில் நின்றே சாப்பிட்டான். வாத்தியார் மீம்ஸ் ஒன்றை அவனே காட்டினான். முதல்முறை பார்ப்பது போலச் சிரித்துவைத்தேன்.