தனுஷ்கோடிப் பாதை பிரிந்தது பாம்பனிலா, ராமேஸ்வரத்திலா?

தீவுக்காரன்: தனுஷ்கோடி ஸ்டேஷனின் இடிந்த சுவரைப் படமெடுத்து, "ராமேஸ்வரம்–தனுஷ்கோடி ரயில் பாதையின் மிச்சம்" என்று போட்டிருக்கிறார் வைகைக்கரை. எத்தனை தடவை சொல்வது? பாதை பிரிந்தது பாம்பனில். பாலம் தாண்டி வந்ததும் ஒன்று ராமேஸ்வரத்துக்கு, இன்னொன்று தனுஷ்கோடிக்கு. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் கடல் அடித்துக்கொண்டு போன 653-ஆம் எண் வண்டியே பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர்தான்.

வைகைக்கரை: எங்கள் தாத்தா ராமேஸ்வரத்தில் இறங்கித்தான் இலங்கையில் உள்ள தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினார். அவர் பொய் சொன்னாரா?

தீவுக்காரன்: எந்த வருஷம் ஏறினார்? கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியதே புயலுக்கு அப்புறம். அதற்கு முன்னால் இலங்கைக் கப்பலைப் பிடிக்க போட் மெயில் ரயிலில் வந்தவர்கள் தனுஷ்கோடித் துறையில்தான் கப்பல் ஏறினார்கள். தாத்தாவை இழுக்காதீர்கள், வருஷத்தைச் சொல்லுங்கள்.

வைகைக்கரை: 2019-இல் அடிக்கல் நாட்டியது ராமேஸ்வரம்–தனுஷ்கோடி பாதைக்குத்தானே? ரயில்வேக்கே தெரியாதது உங்களுக்குத் தெரியுமோ?

தீவுக்காரன்: அது புதிதாகப் போட நினைத்த பாதை. பழைய பாதை பிரிந்தது பாம்பனில்.

மீட்டர்கேஜ்: எங்கே பிரிந்தால் என்ன சார்? அந்தப் புயலில் உடைந்த பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் சரிசெய்தார். தனுஷ்கோடிப் பாதையை மட்டும் ஏன் கைவிட்டார்கள்? அதைப் பேசுங்கள்.

தீவுக்காரன்: ஊரே போய்விட்டது. மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கமே அறிவித்தது. யாரை ஏற்றிக்கொண்டு போக ரயில்? ஆனால் "எங்கே பிரிந்தால் என்ன" என்று மட்டும் சொல்லாதீர்கள். பாம்பன் ஒரு காலத்தில் ஜங்ஷன். இன்றைக்குப் பாலத்தில் செல்ஃபி எடுக்க வருகிறவர்களுக்கு அது தெரியாது. தெரிந்தவர்களும் மறைத்தால் எப்படி?

மீட்டர்கேஜ்: நான் எதை மறைத்தேன்? பாலத்தைப் பற்றிக் கேட்டேன். கேள்வி கேட்டாலே குற்றமா?

வைகைக்கரை: இவர் இப்படித்தான். போன மாதம் செங்கோட்டைப் பாதையைப் பற்றி எழுதினேன், அங்கேயும் வந்து வாத்தியார் வேலை பார்த்தார். தீவில் பிறந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுமா?

தீவுக்காரன்: செங்கோட்டையில் நீங்கள் தப்பாக எழுதினீர்கள், திருத்தினேன். இங்கேயும் தப்பு. பாம்பன்.

வைகைக்கரை: படத்தின் தலைப்பை மாற்ற மாட்டேன்.

தீவுக்காரன்: மாற்றாதீர்கள். மாற்றும்வரை கீழே வந்து எழுதுவேன். பாதை பிரிந்தது பாம்பனில்.