தியேட்டரா, நாலு வாரம் பொறுக்கிறதா? புதுவை - கடலூர் பக்கத்து அனுபவங்கள்

லாஸ்பேட்டை:

டிரெய்லர் நல்லா இருக்கேன்னு கிளம்பிப் போய், படம் ஆரம்பிச்ச அஞ்சாவது நிமிஷம் சப்புனு ஆகிறது நம்ம பக்கம் அடிக்கடி நடக்கிறதுதான். பாதி நேரம் படத்துல குறை இருக்காது. அந்தப் படத்துக்கும் அது ஓடுற திரைக்கும் பொருத்தம் இருக்காது. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பாக்கிற ஊர், இதுக்கு ஒண்ணாவது பாக்கலாம். ஒரு படத்தைத் தியேட்டர்ல பாக்கிறதா, நாலு வாரம் பொறுத்து வீட்டுலயே ஓடிடியில பாக்கிறதான்னு எப்படி முடிவு பண்றது? நடிகர் சண்டை வேணாம், அவங்கவங்க ஏரியா பேரைப் போட்டு, கண்டதை எழுதுங்க.

நான் முதல்ல பாக்கச் சொல்றது அகலம். படம் ரெண்டு வடிவத்துல வரும்: ஸ்கோப்னா 2.39க்கு 1, ஃபிளாட்னா 1.85க்கு 1. டிரெய்லரை டிவியிலயோ கம்ப்யூட்டர்லயோ போடுங்க. மேல எட்டுல ஒரு பங்கு, கீழ எட்டுல ஒரு பங்கு கறுப்புப் பட்டை இருந்தா ஸ்கோப். ஏறக்குறைய முழுசா நிரம்பினா ஃபிளாட். போன்ல பாத்தா இது தெரியாது, போன் திரையே நீளமா இருக்கும்.

இப்ப தியேட்டர் கணக்கு. 40 அடி அகலமுள்ள ஃபிளாட் திரைக்கு உயரம் ஏறக்குறைய 21 அடி 7 அங்குலம். அதுல ஸ்கோப் படம் போட்டா படத்தோட உயரம் 16 அடி 9 அங்குலம்தான், மிச்ச அஞ்சடி மேலயும் கீழயும் சும்மா கிடக்கும். அதே 40 அடி ஸ்கோப் திரையில ஃபிளாட் படம் போட்டா அகலம் 31 அடியாச் சுருங்கிடும். பழைய ஒற்றைத் திரை அரங்குகள் பெரும்பாலும் ஸ்கோப்புக்குக் கட்டினது. மால்ல இருக்கிற சின்னத் திரைகள்ல பல ஃபிளாட். பாலைவனம், கடல், போர்க்களம்னு பரந்து எடுத்த ஸ்கோப் படத்தை மால்ல மூணாவது நாலாவது ஸ்கிரீன்ல பாக்கிறதை விட, பழைய தியேட்டர்ல பாக்கிறது மேல். சீட் கொஞ்சம் கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்ல.

மஞ்சக்குப்பம்:

அகலம் சரி. வெளிச்சத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. திரையில் படம் ஓடாமல் வெறும் வெள்ளை விழும்போது நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது டிஜிட்டல் சினிமாவின் விதி. புரொஜக்டரின் செனான் விளக்கு புதிதாக இருக்கும்போது அது கிடைக்கும். மணிக்கணக்கு ஏற ஏற விளக்கு மங்கும். விளக்கின் விலைக்குப் பயந்து மாற்றுவதைத் தள்ளிப்போடும் இடங்கள் உண்டு. ஆபரேட்டர் அறைக்கும் அரங்குக்கும் நடுவில் இருக்கிற கண்ணாடியைத் துடைக்காமல் விட்டாலும் வெளிச்சம் குறையும்.

பகலில் நடக்கிற குடும்பப் படத்துக்கு இது பெரிதாக உறைக்காது. இரவுக் காட்சி, காடு, மழை, சுரங்கம் என்று டிரெய்லரே இருட்டாக இருந்தால் மட்டும் எச்சரிக்கை. அந்த மாதிரிப் படத்தை மங்கிய விளக்கில் பார்த்தால் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியாது. லேசர் புரொஜக்டர் உள்ள திரையில் பாருங்கள், இல்லாவிட்டால் வீட்டு டிவிக்கே விட்டுவிடுங்கள்.

சோதிப்பது எளிது. வேறு ஏதாவது படத்துக்குப் போகும்போது, விளம்பரத்தில் வெள்ளைப் பின்னணி வரும் நேரம் திரையைக் கவனியுங்கள். வெள்ளை பழுப்படித்திருந்தாலோ, நடுவில் பளிச்சென்றும் மூலைகளில் சாம்பலாகவும் இருந்தாலோ, அந்தத் திரையின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நடு மட்டும் பளிச்சென்று தெரிந்து, ஓர இருக்கைக்குப் போனால் இன்னும் மங்கினால், அது 3டிக்காகக் கட்டிய வெள்ளிப்பூச்சுத் திரையாக இருக்கும். 2டி படத்துக்கும் அதையேதான் பயன்படுத்துவார்கள். அங்கே நடு இருக்கை கிடைக்காவிட்டால் டிக்கெட் எடுக்கவே வேண்டாம்.

3டி என்று போஸ்டரில் பார்த்தால் இன்னும் யோசிக்க வேண்டும். கண்ணாடி போட்டதும் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்காகக் குறைவது சாதாரணம். '2.0' மாதிரி 3டி கேமராவிலேயே எடுத்த படம் என்றால் அந்த இழப்புக்கு ஒரு பலன் உண்டு. 2டியில் எடுத்து முடித்துவிட்டுப் பிறகு மாற்றிய படத்துக்குக் கூடுதல் காசு கொடுத்து இருட்டை வாங்க வேண்டியதில்லை. 2டி காட்சி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் பகலில் ஒன்றாவது இருக்கும்.

நெல்லித்தோப்பு:

அட்மாஸ்னு (கூரையிலேர்ந்தும் சத்தம் வர்ற டால்பி ஒலி) போர்டு போட்ட தியேட்டர்ல எல்லாப் படமும் அட்மாஸ்ல கேக்கும்னு நம்பாதீங்க. படத்தோட கோப்புலயே அட்மாஸ் தடம் இருக்கணும். போஸ்டரோட அடியில, பொடி எழுத்துப் பேர்களுக்குப் பக்கத்துல அந்த முத்திரை இருக்கான்னு பாருங்க. முத்திரை இல்லன்னா சாதாரண 7.1 ஒலியோ 5.1 ஒலியோதான். கூரையில தொங்குற ஸ்பீக்கர் எல்லாம் தூங்கிட்டிருக்கும்.

மஞ்சக்குப்பம்:

ஒலியில் அதைவிடப் பெரிய சிக்கல் அளவுதான். அரங்கின் ஒலியைக் கட்டுப்படுத்தும் டால்பி பிராசசரில் 7 என்பது ஒலிக்கலவை செய்த ஸ்டுடியோவின் அளவு. அரங்குகளில் 5, சில இடங்களில் நாலரை. அந்த அளவுகோலில் ஒரு புள்ளி ஏறக்குறைய 3.3 டெசிபெல். ஆகவே 5இல் வைத்தால் ஆறரை டெசிபெல்லுக்கு மேல் போய்விடும். வெடிச்சத்தம் அப்போதும் கேட்கும். மெல்லப் பேசுகிற வசனம்தான் ஏசி இரைச்சலுக்குள் முங்கிப்போகும். "வசனமே புரியலை" என்று படத்தைத் திட்டுவதில் பாதி இங்கிருந்து வருகிறது.

ஆபரேட்டரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. சத்தமாகக் கலந்த படம் வந்தால் ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டு புகார் செய்கிறார்கள், அவர் குறைக்கிறார், அடுத்த வாரம் அமைதியான படம் வரும்போது அந்தக் குமிழைத் திருப்பி ஏற்ற மறந்துவிடுகிறார். 2024 நவம்பரில் 'கங்குவா' வந்தபோது, ஒலியை இரண்டு புள்ளி குறைத்து வைக்கும்படி தயாரிப்பாளர் தரப்பே திரையரங்குகளிடம் கேட்டுக்கொண்டது நினைவிருக்கலாம். வசனத்தை நம்பிய படம் என்றால், சத்தமான பெரிய படம் ஓடி முடித்த மறுவாரம் அதே திரையில் பார்க்காதீர்கள். பார்த்தே ஆகவேண்டும் என்றால், தொடங்கிய பத்து நிமிடத்துக்குள் வெளியே நிற்கிற ஊழியரிடம் "ஸ்கிரீன் 2, வசனம் கேட்கலை, ஒரு புள்ளி ஏத்தச் சொல்லுங்க" என்று திரை எண்ணோடு சொல்லுங்கள். "சவுண்டு சரியில்ல" என்று மொட்டையாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு நின்றுகொண்டிருப்பார்.

திருப்பாப்புலியூர்:

கடலூர்லேர்ந்து பாக்கிறவங்களுக்கு ரெண்டு விஷயம். இங்கேர்ந்து பாண்டி 22 கிலோமீட்டருக்குப் பக்கம். ஆனா கன்னியகோயில் பக்கத்து எல்லையைத் தாண்டினதும் சட்டம் வேற. தமிழ்நாட்டுல 2023க்கு அப்புறம் விடியக்காலை நாலு மணி, அஞ்சு மணி காட்சி கிடையாது. பெரிய படத்துக்கு அரசு தனியா அனுமதி குடுத்தா காலை 9 மணிக்கு ஆரம்பிக்கலாம், அவ்ளோதான். பாண்டி யூனியன் பிரதேசம், அங்க அனுமதியும் டிக்கெட் விலையும் அவங்க தனியா முடிவு பண்றது. அதனால ஒரே படத்துக்கு ரெண்டு ஊர் நேரத்தையும் விலையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. 100 ரூபாய்க்குள்ள டிக்கெட்னா ஜிஎஸ்டி 5 சதவீதம், அதுக்கு மேல 18. இது 2025 செப்டம்பர் 22லேர்ந்து. ஆன்லைன்ல எடுத்தா ஆளுக்கு 20லேர்ந்து 35 ரூபாய் வரைக்கும் தனி. நாலு பேர் குடும்பத்துக்கு அதுவே ஒரு டிக்கெட் காசு ஆயிடும், வார நாள்னா கவுன்ட்டர்லயே எடுங்க.

ராத்திரிக் காட்சின்னா நீளத்தைக் கணக்குப் போடாம போகாதீங்க. படத்தோட நிமிஷம் சென்சார் சான்றிதழ்லயே இருக்கும், வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்னாடி படக்குழுவே போட்டுடுவாங்க. 170 நிமிஷம்னா விளம்பரம் 15, இடைவேளை 20. பத்தேகாலுக்கு ஆரம்பிச்சா வெளிய வர்றப்போ மணி 1:40. அப்புறம் தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வழியா பைக்ல. 160 நிமிஷத்துக்கு மேல போனா மேட்னிதான்.

ரொம்ப நீளம்னு முதல் நாளே பேச்சு வந்தா ஒரு நாலு நாள் பொறுங்க. முதல் வாரக்கடைசிக்குள்ள 10, 12 நிமிஷம் வெட்டி மறுபடி அனுப்புறது இப்ப சகஜம். 'இந்தியன் 2'வுக்கு அப்படித்தான் 12 நிமிஷம் குறைச்சாங்க.

அரியாங்குப்பம்:

குழந்தைகளைக் கூட்டிட்டுப் போறவங்க சான்றிதழ்ல இன்னொண்ணையும் பாத்துக்குங்க. 2024 விதிகளுக்கு அப்புறம் யு/ஏ மூணாப் பிரிஞ்சிடுச்சு: 7+, 13+, 16+. இது பெத்தவங்களுக்கு அறிவுரை மட்டும், வாசல்ல தடுக்க மாட்டாங்க. ஏ சான்றிதழ்னா 18 வயசு நிரம்பினவங்களுக்கு மட்டும்தான். ஆன்லைன்ல டிக்கெட் எடுத்துட்டு வாசல்ல வாக்குவாதம் பண்ணினா காசு திரும்ப வராது.

வில்லியனூர்:

எத்தனை நாள் பொறுத்தா வீட்டுக்கே வரும்னு தெரிஞ்சா பாதி முடிவு ஆயிடும். தமிழ்ப் படத்துக்கு வழக்கமா நாலு வாரம். ஆனா வடநாட்டு மல்டிபிளக்ஸ் நிறுவனங்கள் எட்டு வாரம் ஓடிடிக்குத் தராத இந்திப் படத்தைத்தான் போடுவோம்னு நிக்குது. அதனால ஒரு தமிழ்ப் படத்தோட இந்திப் பதிப்பு அந்த மல்டிபிளக்ஸ்கள்ல வெளியாகுதுன்னா, ஓடிடிக்கு ரெண்டு மாசம் ஆகும்னு வெச்சுக்கலாம். இந்தியில அங்க வரலைன்னா நாலு வாரம். வார்த்தைக்கு வார்த்தை "பான் இந்தியா"ன்னு சொல்ற படம் கூட இந்த ஒரு விஷயத்துல மாட்டிக்கும், பாத்துக்கிட்டே இருங்க.

புக்கிங் செயலியில "இத்தனை லட்சம் பேர் ஆர்வம்"னு காட்டுறதை நம்பாதீங்க, அது நினைவூட்டல் கேட்டு அழுத்தினவங்க கணக்கு. திங்கக்கிழமை மேட்னியோட சீட் வரைபடத்தைத் திறந்து பாருங்க, அன்னிக்கும் ஆள் இருந்தா படம் நிஜமாவே ஓடுது. ஞாயித்துக்கிழமை நிரம்பாத படம் கிடையாது.

முத்தியால்பேட்டை:

முதல் நாள் முதல் காட்சின்னு ஒத்தக்கால்ல நிக்கிறவங்களுக்கு: கேடிஎம்ங்கிற டிஜிட்டல் சாவியைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டு டிக்கெட் எடுங்க. படம் டிஸ்க்லயோ சாட்டிலைட்லயோ முன்னாடியே தியேட்டருக்கு வந்துடும், ஆனா பூட்டின பெட்டி. அதைத் திறக்கிற சாவிதான் கேடிஎம். எந்தத் தியேட்டர், எந்த சர்வர் (படத்தை ஓட்டுற கம்ப்யூட்டர்), எந்த நேரத்துலேர்ந்து எந்த நேரம் வரைக்கும்னு எல்லாம் அதுக்குள்ள எழுதியிருக்கும். பழுதாகி சர்வரை மாத்தியிருந்தா பழைய சர்வருக்கு வந்த சாவி இதுக்குப் பொருந்தாது, புதுசா வாங்கணும். தயாரிப்பாளர் பைசல் பண்ண வேண்டிய கடன் பாக்கி இருந்தா சாவியே வராது. 9 மணிக் காட்சி பதினொண்ணாகும், சில சமயம் சாயங்காலம் ஆகும்.

வெளியீட்டு வாரத்துல கோர்ட், தடை, பாக்கின்னு செய்தி அடிபடுற படத்துக்கு முதல் காட்சி எடுக்காதீங்க. அன்னிக்கே ரெண்டாவது காட்சி எடுங்க. காட்சி ரத்தானா ஆன்லைன் டிக்கெட் காசு தானா கணக்குக்கு வந்துடும். கவுன்ட்டர் டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுட்டா போச்சு.

தீபாவளிப் படங்கள் வர்றது சரியா நம்ம மழைக்காலத்துல. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுத்தாலும் சர்வர் மறுபடி எழுந்து விட்ட இடத்தைப் பிடிக்க அஞ்சு பத்து நிமிஷம் ஆகும். ஏசியை ஜெனரேட்டர்ல போடாத இடமும் இருக்கு. புயல் எச்சரிக்கை இருக்கிற நாள்ல சஸ்பென்ஸ் படம் வேண்டாம்.

நெல்லித்தோப்பு:

வில்லியனூர்க்காரர் சொன்னதுல ஒரு திருத்தம். காமெடிக்கு அந்தத் திங்கக்கிழமைக் கணக்குக்காகப் பொறுக்காதீங்க. காலி அரங்குல காமெடி செத்துப்போகும், அதை சனிக்கிழமை சாயங்காலம் நிரம்பின ஹால்ல பாக்கணும். பேய்ப்படம் நேர் எதிர். முன் வரிசையில நாலு பேர் விசிலடிச்சா பயம் ஓடிப்போயிடும், செவ்வாய் மதியம் போங்க.

லாஸ்பேட்டை:

சீட்டைப் பத்தி யாரும் சொல்லல, நான் சொல்லிடறேன். திரையோட அகலத்தைப் போல ஒண்ணேகாலிலிருந்து ஒன்றரை மடங்கு தூரம் சரியான இடம். 40 அடித் திரைன்னா 50லேர்ந்து 60 அடி. ஒலிக்கும் திரையிலிருந்து மூணுல ரெண்டு பங்கு தள்ளி நடுவுல உக்காந்தாத்தான் எல்லா ஸ்பீக்கரும் சமமாக் கேக்கும். சுவர் ஓரம் உக்காந்தா காதுக்கு மேல இருக்கிற ஒரு ஸ்பீக்கர் மட்டும்தான் படம் முழுக்கப் பேசும்.

ஒற்றைத் திரை அரங்குல பால்கனி முதல் வரிசைக்கு அடிச்சுக்கிட்டு எடுப்பாங்க. அங்க ஒரு வில்லங்கம் இருக்கு. கைப்பிடிக் கம்பி திரையோட அடி விளிம்பை மறைக்கும், தெலுங்கு, மலையாளப் படத்துக்குச் சப்டைட்டில் வர்ற இடம் சரியா அதுதான். தமிழ்ப் படம்னா முதல் வரிசை. சப்டைட்டில் படிக்கணும்னா மூணாவது வரிசை எடுங்க. செயலியில ஏ வரிசை முன்னாடியா பின்னாடியான்னு அரங்குக்கு அரங்கு மாறும், "திரை இந்தப் பக்கம்"ங்கிற கோட்டைப் பாத்துட்டு அழுத்துங்க.

மஞ்சக்குப்பம்:

மூன்றாவது வரிசையிலும் உயரமான ஆள் முன்னால் உட்கார்ந்தால் மறைக்கும். பால்கனிப் படிகளின் உயரம் குறைவாக இருக்கும் அரங்குகளில் நடைபாதையை ஒட்டிய இருக்கையை எடுங்கள், முன்னால் தலை மறைத்தாலும் நடைபாதைப் பக்கம் சாய்ந்து பார்க்கலாம்.